பனிமலைக்குக் குடும்பத்தோடு: உச்சியை விடுங்கள், ஓரிமோக் பாதை போதும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் பனி பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. முன்பெல்லாம் கெந்திங், கேமரன் மலைக் குளிரே பெரிதாக இருந்தது. இப்போது தென்கொரியாவின் ஜெஜு தீவிலுள்ள ஹல்லா மலையின் வெள்ளைப் படம் ஒன்று உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால் போதும், "நாமும் போகலாமே" என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. தாத்தா, பாட்டி முதல் ஆறு வயதுப் பேரன் வரை எல்லாருக்கும் டிக்கெட் போட்டாகிவிடும். குளிராடையை மட்டும் கடைசி வாரத்தில் தேடுவார்கள். கால்களைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

ஹல்லா மலை புதியவர்களுக்கு ஏற்றது என்பது உண்மைதான். ஆனால் அது மலைக்குப் பொருந்தும் பேச்சு அல்ல, பாதைக்குப் பொருந்தும் பேச்சு. ஒரே மலையில் அரை மணி நேரத்தில் ஏறிவிடும் பாதையும் இருக்கிறது, நாள் முழுவதும் நடக்க வைக்கும் பாதையும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பாதி ஏற்பாடு அடங்கியிருக்கிறது.

ஏன் ஹல்லா?

தென்கொரியாவின் ஆக உயர்ந்த மலை இது. உயரம் 1,947 மீட்டர். நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரமே 2,000 மீட்டரைத் தாண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், உயரத்தால் பயப்பட இங்கே ஒன்றுமில்லை என்பது விளங்கும். காற்றில் உயிர்வாயு குறைவதால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொந்தரவு தரத் தொடங்கும். 4,095 மீட்டர் கினபாலு ஏறியவர்களுக்கு அந்தத் தலைவலி தெரிந்திருக்கும். இந்தியாவின் உத்தராகண்டில் உள்ள கேதார்கந்தா போன்ற பனிமலைகளும் "புதியவர்களுக்கு ஏற்றவை" என்றுதான் விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஆனால் அது சுமார் 3,800 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து போகும் நம் குடும்பம், அதுவும் வயதானவர்களோடும் பிள்ளைகளோடும், முதல் பனிமலையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஹல்லாவில் சமாளிக்க வேண்டியவை குளிர், காற்று, வழுக்கல், தூரம். இந்த நான்கிற்கும் வீட்டிலிருந்தே தயாராகலாம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலையின் மேற்பகுதியில் பனி கிடக்கும். கீழே நகரத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் தொங்கும். மேலே மரக்கிளையெல்லாம் பனி பூத்து நிற்கும். 2007ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள எரிமலைப் பகுதி இது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

எந்தப் பாதை?

படங்களில் எல்லாரும் கண்டு மயங்குவது உச்சியிலுள்ள பெங்னோக்தாம் என்ற எரிமலை வாய். அங்கே போக இரண்டு பாதைகள்தான் உண்டு. சோங்பானாக் பாதை ஒருவழிக்கு 9.6 கிலோமீட்டர், குவானும்சா பாதை 8.7 கிலோமீட்டர். போய்த் திரும்ப ஒன்பது மணி நேரம் பிடிக்கும். உச்சிவரை போக முன்பதிவு வேண்டும். நண்பகல் வாக்கில் குறிப்பிட்ட இடைநிலையைத் தாண்டாதவர்களை அதற்கு மேல் விடமாட்டார்கள். தினமும் ஓடிப் பழகிய இளைஞர்களுக்கு இது சரி. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்திற்கு இது சரிப்படாது. முதல் பயணத்திலேயே உச்சியைக் குறிவைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை.

குடும்பத்திற்கு ஏற்றது மலையின் மேற்குப் பக்கம் உள்ள ஓரிமோக். அங்கே இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஓசுங்செங்காக் என்ற சிறு குன்று. பூங்கா நிலையத்தை ஒட்டியே பாதை தொடங்குகிறது. ஒருவழி 1.3 கிலோமீட்டர், அரை மணி நேர ஏற்றம், உச்சி 1,169 மீட்டர். பனியில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். மழலையர் பள்ளிப் பிள்ளையும், முழங்கால் வலி இல்லாத பாட்டியும் போய்வரக்கூடிய இடம். முதல் நாள் இதில் ஏறிப் பார்ப்பது நல்லது. யாருடைய காலணி கடிக்கிறது, யாருக்கு எந்தச் சட்டை போதவில்லை, யாருக்கு வழுக்கலைக் கண்டால் பயம் என்பதெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஓரிமோக்கிலிருந்து விட்சே ஓரும் தங்குமனை வரையிலான 4.7 கிலோமீட்டர். ஏறுவதற்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். முதல் பாதி காட்டுக்குள் படிப்படியாக ஏறுகிறது. உண்மையான சிரமம் அங்கேதான். அதைத் தாண்டினால் மரங்கள் விலகி, கண்ணுக்கெட்டியவரை வெள்ளை மேடு. சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் தங்குமனை. அங்கிருந்து எரிமலை வாயின் பாறைச் சுவரை எதிரே பார்க்கலாம், ஆனால் உச்சிக்குப் பாதை இல்லை. குடும்பத்திற்கு இது ஒரு வசதி: "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே" என்று யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது.

யோங்சில் பாதையும் விட்சே ஓருமுக்குத்தான் வருகிறது. தூரம் 3.7 கிலோமீட்டர் என்று படித்துவிட்டு அதுவே சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பாதை தொடங்கும் இடத்திற்கு ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் மேட்டுச் சாலை இருப்பது அந்தக் கணக்கில் வராது. பனி கொட்டிய நாளில் வாடகைக் காரும் அந்தச் சாலையில் ஏற முடியாமல் போகலாம். ஓரிமோக்கிலும் பேருந்து நிறுத்தத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இந்தப் பக்கம் போகும் 240ஆம் எண் பேருந்து பனிக்காலத்தில் நிரம்பி வழியும். ஆனாலும் பனிச்சாலையில் ஓட்டிப் பழகாத நம்மவர்களுக்குக் காரைவிட அதுவே மேல்.

குளிரைவிட வியர்வை கொடியது

ஜனவரியில் ஜெஜு நகரில் 6 பாகை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் ஆறு பாகைக்கு மேல் குறையும். விட்சே ஓருமில் சுழியத்திற்குக் கீழ் 5 பாகை என்று கொள்ளலாம். அங்கே மரமில்லாத மேட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது சுழியத்திற்குக் கீழ் 13 பாகை போலத் தெரியும்.

இதைக் கேட்டதும் ஆகத் தடித்த ஒரே கோட்டை வாங்கி, அதற்குள் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு வரம், பனிக்கு எதிரி. படி ஏறும்போது உடல் சூடாகி வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காட்டைத் தாண்டி வெளியில் வந்து, படம் எடுக்க ஐந்து நிமிடம் நின்றதும் ஈரச்சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். ஜீன்ஸும் அப்படித்தான்.

அதனால் மூன்று அடுக்காக உடுத்துவதே முறை. தோலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை நூலால் ஆன மெல்லிய உடை. அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சட்டை. எல்லாவற்றிற்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத மேலாடை. ஏறும்போது நடு அடுக்கைக் கழற்றிப் பையில் போட வேண்டும், நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது இலேசாகக் குளிர்வதுதான் சரியான அளவு. கீழேயே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஜப்பான், கொரியாவிலிருந்து வரும் பழைய துணிகளை விற்கும் பண்டல் கடைகளில் நல்ல ஃபிளீஸும் காற்றுப்புகா மேலாடையும் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. பணத்தைக் காலணியில் போடுங்கள். கணுக்காலை மூடும், நீர் புகாத, ஓர் அளவு பெரிய காலணி வேண்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு சோடிக் காலுறை போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். பெண்கள் மெட்டியைக் கழற்றி வைப்பது நல்லது. இறங்கும்போது விரல்கள் காலணியின் முனையில் இடிக்கும், மெட்டி அழுத்தினால் புண்ணாகிவிடும்.

காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முள்ளைக் கொரியர்கள் 'ஐசென்' என்கிறார்கள். அது இல்லாமல் பனிக்காலத்தில் மேலே போகவே கூடாது. ஜெஜுவில் மலையேற்றச் சாதனங்கள் விற்கும் கடைகளில் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். சின்னப் பிள்ளைகளின் அளவு எளிதில் கிடைக்காது, முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அதை மாட்டிக் கழற்றும் பழக்கத்தைத் தங்கும் அறையிலேயே செய்து பாருங்கள். உறைந்த விரல்களோடு பனியில் நின்று கற்றுக்கொள்வது கொடுமை.

கையுறை ஆளுக்கு இரண்டு சோடி, ஏனெனில் பிள்ளைகள் முதல் பனிப்பந்திலேயே ஒன்றை நனைத்துவிடுவார்கள். காதை மூடும் தொப்பி, கழுத்துப்பட்டை, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்கள் மூக்கு நுனியும் உதடும் எரிந்து திரும்புவார்கள். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் அது புட்டியிலேயே கட்டியாகிவிடும். வாசலின் போதும்.

பத்துமலைப் படியில் தொடங்கலாம்

பயணத்திற்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே நடக்கத் தொடங்க வேண்டும். தாமான் பூங்காவில் சமதரையில் சுற்றுவது மூச்சுக்கு நல்லது, தொடைக்குப் போதாது. படிதான் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குப் பத்துமலையின் 272 படிகள் இருக்கின்றன. கூட்டமில்லாத விடியற்காலையில் ஒருமுறை ஏறி இறங்குவதில் தொடங்கி, வாரத்திற்கு ஒன்று கூட்டி, ஐந்து முறை நிற்காமல் ஏறி இறங்கும் அளவுக்கு வந்துவிட்டால் ஓரிமோக் காட்டுப்படி அச்சுறுத்தாது. சிங்கப்பூரில் புக்கிட் தீமா குன்று, பினாங்கில் கொடிமலை, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு.

ஏறுவது நெஞ்சை வேலை வாங்கும், இறங்குவதுதான் முழங்காலைக் கேட்கும். அதனால் இறங்கும் பயிற்சியைக் குறைக்கக் கூடாது. கடைசி நான்கு வாரம் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு, மலைக்குப் போடப்போகும் அதே காலணியோடு நடக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். புதுக்காலணியை மலையில் முதன்முதலாகப் போட்டவரின் குதிகாலைப் பார்த்தால் அவர்களுக்கே புரியும்.

பனியில் நடக்கும் முறை தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. மழை பெய்த மறுநாள் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சரிவில் எப்படி நடப்பார்களோ அப்படித்தான்: எட்டு சிறிதாக, பாதம் முழுவதும் தரையில் பதிய, உடல் சற்று முன்சாய்ந்து. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தால் விழும்போது ஊன்ற முடியாது.

தாத்தாவின் மருந்துப் பை

நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்காவது அது இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. முதுகுப்பையின் வெளிப்பக்கத்தில் வைக்காமல் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை அளவைப் பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் வேலை செய்ய மறுக்கும், அதற்கும் அதே இடம்தான். நெடுநேரம் நடக்கும்போது சர்க்கரை சட்டென இறங்கலாம். நடுக்கமும் தடுமாற்றமும் குளிராலா, சர்க்கரை இறங்கியதாலா என்று பார்வைக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் உடனே அளந்து பார்க்க வேண்டும், இனிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. கொப்புளம் வந்தாலும் விரல் உறைந்தாலும் அவர்களுக்கு வலிக்காது. கொரியக் கடைகளில் விற்கும் சூட்டுப் பொட்டலத்தைக் காலுறைக்குள் நேராக வைத்துக்கொண்டால் தோல் வெந்துபோவதும் தெரியாது. இப்படிப்பட்டவர்கள் ஓசுங்செங்காக் குன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இரத்த அழுத்தம் குளிரில் ஏறும், இருதய நோய் இருப்பவர்களும் ஆஸ்துமா இருப்பவர்களும் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு பார்த்தால் "போகலாம்" என்று அவரைச் சொல்ல வைக்கத்தான் மனம் அலையும்.

குழந்தைகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. குழந்தையை முதுகில் சுமக்கும் அப்பாவுக்கு வியர்க்கும், பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை விறைத்துக்கொண்டிருக்கும். சுமப்பவரின் சூட்டை வைத்துக் குழந்தையைக் கணிக்கக் கூடாது. துறுதுறுவென்று இருந்த பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், கால் இடறினால், வார்த்தை குழறினால் உடல் சூடு இறங்குகிறது என்று பொருள். நடுக்கம் தானாக நின்றால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, நிலைமை மோசமாகிவிட்டதற்கு அது அறிகுறி. காற்றில்லாத இடத்தில் ஈர உடையை மாற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, விழுங்கும் நிலையில் இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, உதவியை அழைக்க வேண்டும். தைலம் தேய்ப்பது நம் கை தானாகச் செய்யும் வேலை. தைலம் எரிச்சலைத் தரும், உடம்புக்குச் சூட்டைத் தராது. வெளுத்து மரத்துப்போன விரலைத் தேய்த்தால் தோல் சிதையும். அதைக் கக்கத்தில் வைத்து மெல்லச் சூடாக்குவதே சரி.

மேலே கடை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. காலை உணவை வயிறு நிறையச் சாப்பிட்டு, சுக்குத் தேநீரோ மைலோவோ வெந்நீர்க் குடுவையில் எடுத்துக்கொண்டு, பேரீச்சை, கடலை உருண்டை, சாக்லேட் என்று உறைந்தாலும் கடிக்கக்கூடியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, கடிகாரம் பார்த்துக் குடிக்க வேண்டும். கழிப்பறை கீழேயும் தங்குமனையிலும்தான் என்பதால் பெண்களும் பெரியவர்களும் தண்ணீரையே தவிர்ப்பார்கள், அது தலைசுற்றலில் போய் முடியும். கடையில் வாங்கும் கிம்பாப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சியும் முட்டையும் இருக்கும், சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். ஊரிலிருந்து இறைச்சி செருண்டிங் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: இறைச்சிப் பொருள்களைக் கொரியச் சுங்கத்தில் விடமாட்டார்கள்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஜனவரியில் ஜெஜுவில் காலை ஏழரைக்கு மேல்தான் விடியும், மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். ஓரிமோக் நுழைவும் பனிக்காலத்தில் நண்பகலோடு மூடப்படும். ஒன்பது மணிக்குள் நடக்கத் தொடங்கினால்தான் அவசரமில்லாமல் போய்வரலாம். எத்தனை மணியானால் எங்கே இருந்தாலும் திரும்புவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். உதாரணமாக, பன்னிரண்டு மணி. அதோடு இன்னொன்று: யார் "முடியவில்லை" என்றாலும், அது எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலும், கேள்வி கேட்காமல் ஒரு பெரியவர் துணையோடு அவர் இறங்கலாம். மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்க வேண்டும். "எங்களால் உங்களுக்குத் தடங்கல் வேண்டாம்" என்று முழங்கால் வலியை மறைக்கும் பாட்டிகளும், மாப்பிள்ளை முன்னால் சோர்வைக் காட்ட விரும்பாத மாமனார்களும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். மலையில் அந்தப் பெருந்தன்மை எல்லாரையும் மாட்டிவிடும்.

கடும்பனி எச்சரிக்கை வந்தால் பூங்கா நிர்வாகம் பாதைகளை மூடிவிடும். காலையில் விடுதியை விட்டுக் கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று விடுதிப் பணியாளரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதனால் மலைக்கு ஒரே நாளை மட்டும் ஒதுக்காமல், மாற்று நாள் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். மலையேறிய மறுநாள் காலையிலேயே ஊர் திரும்பும் விமானத்தைப் போடுவதும் ஆபத்து. 2016 ஜனவரியில் ஜெஜுவில் கொட்டிய பனியில் விமான நிலையம் மூடப்பட்டுப் பல்லாயிரக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது பனிப்பாதை நடையும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பனி பாதையை மூடிய மேட்டில் சிவப்புக் கொடிகள் வழிகாட்டும். அவற்றை விட்டு விலகிப் படம் எடுக்கப் போகக் கூடாது. கைப்பேசி மின்கலம் குளிரில் சட்டென இறந்துவிடும், ஒரு கைப்பேசியையாவது அணைத்து உள்சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். கொரியாவில் மீட்புப் படைக்கான அவசர எண் 119. பாதையோரக் கம்பங்களில் இடத்தைக் குறிக்கும் எண்கள் இருக்கும். கொரிய மொழி தெரியாவிட்டாலும் அந்த எண்ணைச் சொன்னால் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் எண்ணை உரக்கப் படிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.